பெருமாள் பெயரில் வந்த ஃபைல்

அன்பு மலருக்கு,

நேற்றுக் காலை அரியலூர் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. திங்கட்கிழமை உன் ஆபீசில் உன்னை உட்காரவைத்து, வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்லப்போகிறார்கள். நீட்டிவைத்த மூன்று மாத ப்ரொபேஷன் அன்றோடு முடிகிறது. அந்த முடிவு தெரிவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர வேண்டும், அதனால்தான் தபாலில் போடாமல் மெயிலில் அனுப்புகிறேன். பிறகு எழுதினால், வேலை கிடைத்த சந்தோஷத்தில் எழுதுகிறேன் என்றோ, கிடைக்காத பெண்ணைத் தேற்றுகிறேன் என்றோ நீ நினைத்துக்கொள்வாய். இரண்டுக்காகவும் நான் எழுதவில்லை. புரட்டாசியில் நடந்ததைப் பற்றி நாம் எத்தனையோ பேசினோம், ஆனால் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் பஜனைக் குழுவிலும் இதைப் போடுவதாக இருக்கிறேன். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உனக்குச் சம்மதமில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், போடமாட்டேன்.

நம் வீட்டுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கரும்பு ஏற்றிப்போன டிராக்டரிலேயே திரும்பும்போது உன் அப்பா ஏற்றிக்கொண்டு வந்தார். நீ அப்போது பிளஸ் டூ. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் சுவிட்சைப் போட்டேன். நீ காலேஜ் விடுதிக்குப் போனதும் அது என் பொறுப்பாகிவிட்டது. எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஏதாவது நின்றுபோனால் உனக்குப் போன் போடுவேன். "அம்மா, திரையில என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே படி, நீயா அர்த்தம் சொல்லாதே" என்பாய். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். நீ அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே வருவாய். உன் விடுதித் தோழிகள் சிரிப்பது எனக்குக் கேட்கும். நீ ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அவசரப்படுத்தியதும் இல்லை. அப்படிப் படித்துப் படித்தே எனக்கு இங்கிலீஷ் வந்தது. என் இங்கிலீஷில் பாதி கம்ப்யூட்டரோடு போட்ட சண்டையில் கற்றது என்று உன் அப்பா கேலி செய்வார். உண்மைதான்.

அப்போது ஆரம்பித்ததுதான் அந்த நீள நோட்டு. வீட்டு வரவு செலவுக்கு ஒன்று வைத்திருப்பது போலக் கம்ப்யூட்டருக்கும் ஒன்று. மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் தேதியும் நேரமும். என்ன கோளாறு, நான் என்ன செய்தேன், சரியாயிற்றா என்று மூன்று பத்தி. முதல் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'சத்தம் போடுகிறது, தானாக நிற்கிறது. மூடியைக் கழற்றினேன். உள்ளே சிமெண்ட் தூசி. குங்குமச்சிமிழ்த் தூரிகையால் துடைத்தேன். சரியாயிற்று.' நம் ஊர்க் காற்றில் சிமெண்ட் ஆலையிலிருந்து வரும் தூசி துளசி மாடத்தையே வெள்ளையடித்துவிடும், அந்தச் சின்ன விசிறி என்ன செய்யும் பாவம். அதன்பிறகு மாதத்துக்கு ஒரு முறை துடைத்தேன். நெட் வராவிட்டால் முதலில் ஒயரைப் பார்ப்பது, பிறகு மோடத்தை அணைத்துப் போடுவது, அதன்பிறகுதான் கம்ப்யூட்டரைக் குறை சொல்வது என்று வரிசை கற்றுக்கொண்டேன். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போகும் என்று நீ சொன்னதை அட்டையின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். கொஞ்ச நாளில் பஜனைக் குழுவில் யாருக்குப் போன் சிக்கினாலும் என்னிடம்தான் வந்தார்கள். எனக்கு அதில் கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

போன வருஷம் உன் அப்பா திருமானூரில் கரும்பு லோடிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, நீ சென்னையில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாய். ரூமில் நீ ஆபீஸ் லேப்டாப்போடு, கட்டிலில் அவர், நடுவில் நான். படுத்தே கிடக்கிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டுமே. நம் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த தேர்த் திருவிழா வீடியோ, பஜனைப் பாட்டு, உன் பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாவற்றையும் ஒயரில்லாமல் அவர் கட்டிலுக்கு எதிரே இருக்கிற டிவியில் வரவைப்பது என்று இறங்கினேன். படம் வரும், நின்றுவிடும், நடுவில் வட்டம் சுற்றும்.

"ஏ புள்ள, தேர் நெலைய விட்டுக் கெளம்பவே இல்லியே. முட்டுக்கட்டைய யாரும் எடுக்கலியா?" என்பார்.

"இருங்க, வடம் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பேன்.

மோடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்ததும் பாதி சரியாயிற்று. மீதி சரியாகவில்லை. கம்ப்யூட்டரில் இருப்பது டிவியின் கண்ணில் சில நாள் பட்டது, சில நாள் படவில்லை. நீ காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாய், உன்னைத் தொந்தரவு செய்ய மனசில்லை. வெளியிலிருந்து யாரும் நுழையாமல் கம்ப்யூட்டரில் ஒரு காவல் இருக்குமே, ஃபயர்வால், அதை நிறுத்திப் பார்த்தேன். டிவியில் உடனே எல்லாம் வந்துவிட்டது. டிவிக்கு மட்டும் வழிவிடும்படி அந்தக் காவலிடம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. கதவு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்துவிட்டேன். நோட்டில் பெருமையாக எழுதினேன்: 'காவலை நிறுத்தினேன். டிவி கிடைத்தது. சரியாயிற்று.'

அடுத்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. சுந்தரி அக்கா, நம் பஜனைக் குழுவை நடத்துகிறவர், குழுவின் வாட்சப்பில் ஒன்று அனுப்பினார். பெருமாள் தரிசனத்தை வீட்டிலிருந்தே நேரடியாகப் பார்க்கலாம், போனுக்கு ஒரு ஃபைல், கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைல். அவருக்கு யாரோ அனுப்பியது. எந்தக் கோயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உன் அப்பா அந்த வருஷம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று காலையிலிருந்து முகம் வாடிக் கிடந்தார். நான் கம்ப்யூட்டருக்கானதை இறக்கினேன். திறக்கப் போனால் சிவப்பாக ஒரு எச்சரிக்கை. இது ஆபத்தான ஃபைல், நீக்கிவிடவா என்று கேட்டது. பெருமாள் பெயரைப் பார்த்து ஆபத்து என்கிறதே இந்த இயந்திரம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, 'பரவாயில்லை, அனுமதி' என்பதை அழுத்தினேன். படமும் வந்தது. எப்போதோ எடுத்த ஒரு சேவையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அதை நேரலை என்று நம்பி நாங்கள் இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டு பார்த்தோம். அதோடு நிறுத்தவில்லை. குழுவில் என் குரலிலேயே பேசி அனுப்பினேன். "நான் போட்டுப் பாத்துட்டேன், நல்லா வேல செய்யுது. செவப்பா ஏதாச்சும் வந்தா பயப்படாதீங்க, சரின்னு குடுத்துடுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. நீ இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் போனில் ஒரு கேள்வி வந்தது. உன் ஆபீஸ் கணக்கில் இப்போது நுழைவது நீதானா என்று. இல்லை என்று அழுத்தினாய். மறுபடி வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றினாய். பிறகு எழுந்து நேராகப் போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாய்.

"அம்மா, நம்ம கம்ப்யூட்டர்ல புதுசா எதாவது போட்டியா?"

"பெருமாள் சேவ பாக்குறது ஒண்ணு போட்டேன். ஏன்?"

"எப்ப?"

"நேத்து. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை எடுத்து வந்து நீ ஒரு பக்கம், அதற்கு முந்திய ஒரு பக்கம் என்று படித்தாய். உன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ தலையில் கைவைத்துக்கொண்டு உன்னைப் பற்றித்தான் பேசினாய். அப்பாவின் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்கு ஒரு ஆபீஸ் கடிதம் பிரிண்ட் எடுக்க, நம் கம்ப்யூட்டரில் உன் ஆபீஸ் கணக்கைத் திறந்திருக்கிறாய். அவசரத்தில் பாஸ்வேர்டையும் அதிலேயே சேமித்துவிட்டாய். ஆபீஸ் கணக்கை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக் கூடாது என்பது உங்கள் விதி. நான் உள்ளே விட்டது அங்கே சேமித்திருந்த பாஸ்வேர்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. உன் ப்ரொபேஷன் முடிய அப்போது மூன்றே வாரம்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. நீ ஆபீசுக்குத் தகவல் சொல்ல லேப்டாப்பை எடுத்தபோது நான் உன் கையைப் பிடித்தேன். "பாஸ்வேர்டுதான் மாத்திட்டியே, அவன் உள்ள வரவும் இல்ல. விட்டுடு. நீயா போயி ஏன் தலையக் குடுக்குற? கேட்டா அப்ப பாத்துக்கலாம், ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடு" என்றேன். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாதது இது. நீ ரூமுக்குள் போனதும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டால் எதற்கும் சாட்சியில்லை என்று நினைத்தேன். முதல் தாள் பாதிவரை கிழிந்தும்விட்டது. மூன்றாம் நாள் ஏகாதசி, அதற்கு விரதம் இருக்கப்போகிற கை அது. மகளைப் பொய் சொல்லச் சொல்லி, அதற்குத் தோதாகக் கணக்கையும் அழிக்கப் பார்த்தேன். அப்போது ரூமுக்குள்ளிருந்து உன் குரல் கேட்டது. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். "இல்ல சார், வேற யாரோட கணக்கையும் இதே ஆளுங்க முயற்சி பண்ணியிருக்கலாம். நான் லேட்டா சொன்னா அவங்களுக்கும் லேட்டாயிடும். தப்பு என்னோடது சார், வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான்தான் திறந்தேன். எந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதி வச்சது இருக்கு, போட்டோ எடுத்து அனுப்புறேன்."

அதைக் கேட்டதும் கோந்து எடுத்துத் தாளின் பின்பக்கம் ஒரு பேப்பர் வைத்து ஒட்டினேன். நீ போட்டோ எடுக்க வந்தபோது அந்த ஒட்டு ஈரமாகத்தான் இருந்தது. பார்த்தாய். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போட்டோ எடுத்தாய். என் பெயரை ஓரிடத்திலும் முன்னே தள்ளாமல், உன் தப்பை முதலிலும் வீட்டில் நடந்ததை அடுத்ததாகவும் எழுதி அனுப்பினாய். பெருமை என்று நான் சொல்வது இதைத்தான். மார்க் ஷீட்டைக் காட்டி, சம்பளத்தைச் சொல்லி, நான் முன்பு பட்ட பெருமையெல்லாம் ஊருக்காகப் பட்டது.

அடுத்த எட்டு நாள் உன் ஆபீஸ் கணக்கை மூடி வைத்திருந்தார்கள். நீ சும்மா இருக்கவில்லை. நம் கம்ப்யூட்டரில் வீடியோவையும் பாட்டையும் மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தனி டிஸ்கில் எடுத்தாய். மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டாய். போடும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நான் பண்ண மாட்டேன், நீ பண்ணு, நான் சொல்றேன்" என்றாய். நான் தள்ளித் தள்ளிப் போட்டிருந்த அப்டேட் எல்லாம் முடியும்வரை ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். காவலை நிறுத்தாமலே டிவிக்கு மட்டும் அனுமதி கொடுக்கிற இடத்தைக் காட்டினாய். தினமும் புழங்க ஒரு கணக்கு, புதிதாக எதையாவது போடுவதற்கு மட்டும் வேறு பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு என்று பிரித்தாய். "அனுமதி குடுக்குறதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சுப் போயி அந்தப் பாஸ்வேர்டைத் தேடி எடுக்கணும். அந்த நேரத்துல யோசிப்பேல்ல" என்றாய். உன் அப்பா கட்டிலிலிருந்தே, "எனக்குக் காபி குடுக்குறதுக்கும் இவளுக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்கும்போல, அவ்வளவு யோசிக்கிறா" என்றார். அந்த எட்டு நாளில் நாம் மூன்று பேரும் சிரித்தது அப்போதுதான்.

ஒன்பதாம் நாள் ஆபீசிலிருந்து சொன்னார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. விதி மீறியது பதிவில் இருக்கும், ப்ரொபேஷன் மூன்று மாதம் நீளும், அதன்பிறகு பார்ப்போம். நீயாகச் சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அம்மா, பஜனைல எப்ப சொல்லப் போற?"

எட்டு நாளாக நான் தள்ளிப்போட்டிருந்தது அது. போட்டதை எடுத்துவிடுங்கள் என்று குழுவில் ஒரு வரி, நீ சொல்லி, நான் முதல் நாளே எழுதிப் போட்டுவிட்டேன். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் குரலை நம்பியவர்கள் என் எழுத்தை ஏன் பார்க்கப்போகிறார்கள். அந்தச் சனிக்கிழமை சுந்தரி அக்கா வீட்டில் பாட்டு முடிந்து சுண்டல் கொடுக்கும்போது எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். உன் வேலை ஆட்டம் கண்டதையும் சொன்னேன்.

"நான் அனுப்புனதுல என்னடி தப்பு? பெருமாள் பேரப் போட்டு எவனாவது திருடுவானா?" என்றார் சுந்தரி அக்கா.

"அதத்தான் நானும் நெனச்சேன் அக்கா. அதனாலதான் திருடுறவன் அந்தப் பேர எடுத்தான். நீங்க அனுப்புனீங்க, அவ்வளவுதான். போடச் சொன்னது நானு."

"ஆமா, நீ சொன்னேன்னுதான் போட்டேன். எங்க வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாரு" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. என் கர்வத்துக்கு அது போதும். ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். அங்கேயே வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு போனாக வாங்கி, எடுத்துப்போட்டு, பாஸ்வேர்டை அவரவரையே மாற்றவைத்தேன். சுந்தரி அக்கா மட்டும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார். "அதுல பெருமாள் படம் இருக்குடி. பெருமாள எப்படி என் கையால அழிக்கிறது?" யாரும் சிரிக்கவில்லை. போன வருஷக் காலண்டர் படத்தை நாம் என்ன செய்கிறோம் அக்கா, கொள்ளிடத்தில் விடுவதில்லையா என்று கேட்டேன். அவர் போனை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். "எடுத்துடு" என்றார்.

மலர், உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் அம்மா என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நீ இனி எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டரைப் பார்க்கப்போகிறாய். அதைத் தப்பாகத் தொட்டவர்கள் முட்டாள்களாக இருக்கமாட்டார்கள். கட்டிலில் கிடக்கிற புருஷனுக்குத் தேர் காட்ட வேண்டும் என்றுகூட இருக்கும். என்ன செய்தாய் என்று கேட்பதோடு, எதற்காகச் செய்தாய் என்றும் கேள். என்னிடம் நீ எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னபோது இருந்த பொறுமையை, சம்பளம் ஏறினாலும் இறக்கிவிடாதே. உன் தப்பை எழுதிவைக்கக் கூச்சப்படாதே. எழுதியதைக் கிழிக்கத் தோன்றும் நாள் உனக்கும் வரும், அன்றைக்கு என்னை நினைத்துக்கொள், அது போதும். இன்னொன்று, மெட்ராஸ் தண்ணீரில் தினமும் தலை குளிக்காதே.

இன்று தை மாதச் சனிக்கிழமை. விடியலில் கல்லங்குறிச்சிக்கு உன் அப்பாவும் வந்தார், ஊன்றுகோலோடு, பஸ்ஸில், விழுந்தபிறகு முதல் தடவையாக. நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து உன் ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் அங்கே ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன்.

"பொண்ணுக்கு என்ன வேண்டுதலம்மா? கல்யாணமா, உத்தியோகமா?" என்று கேட்டார் பட்டர்.

"வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க சாமி. அவளப் பத்திப் பெருமாள்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றேன்.

அவர் தட்டை உள்ளே எடுத்துப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நின்று சொல்லிவிட்டு வந்தோம்.

உன் அம்மா